சீசன் அக்காவின் மூலை அறை

படுக்கையறையில் ஏதோ விழுந்தது. முதலில் 'ணங்'கென்று ஒரு சத்தம். பிறகு அது தரையில் சுற்றிச் சுற்றி வந்து, அடங்க மனமில்லாமல் அடங்கியது. எவர்சில்வர் மூடி.

கூடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். போனின் அந்தப் பக்கத்தில் அரண்மனை ஓட்டலின் ரிசர்வேஷன் ஆள் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். சீசனுக்கு எல்லா அறையும் போய்விட்டது, மூலை அறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், காத்திருப்போர் வரிசையில் பெயரைப் போட்டு வைக்கிறேன், அக்கா கேட்டு இல்லையென்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மூடி. நீ வராதே."

அவள் போகவில்லை. போனால் அவருக்குக் கோபம் வரும். மேஜையின் ஓரத்தில் இருப்பது எதுவும் இப்போதெல்லாம் அவர் கண்ணில் படுவதில்லை. நேர் எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் இருப்பதைத்தான் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திரை போட்டு மூடிக்கொண்டே வருகிறார்கள். கண் மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். இந்தத் திரை எப்போது முழுதாக மூடும் என்று அவள் கேட்டபோது மட்டும் அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். சொல்ல முடியாதும்மா என்றார்.

அந்தச் 'சொல்ல முடியாது' அவள் காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டது. அன்று முதல் அவள் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே தலை வாருவாள்.

அலுவலகத்தில் அவளுக்குச் 'சீசன் அக்கா' என்று பெயர். கோட்டை நகரத்துக்குச் சுற்றுலா அனுப்பும் சின்ன நிறுவனம் அது. டெலிபோன் எடுக்கத்தான் சேர்ந்தாள். ஆனால் போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, எந்த மாதத்தில் எந்த ஓட்டல், எந்த ஓட்டலில் எந்த மாடி, எந்த மாடியில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவள் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டன. மழைக்காலத்தில் போகாதீர்கள், கல் படியெல்லாம் பாசி. வெயில் காலத்தில் போகவே போகாதீர்கள், பாதி கடை பூட்டியிருக்கும், பாறை கொதிக்கும். மழை ஓய்ந்து பனி தொடங்குகிற அந்த இரண்டு மாதம்தான் மாதம். அக்கா சொன்னால் முதலாளியே வாயை மூடிக்கொள்வார்.

இப்படி ஊரையே அந்த நகரத்துக்கு அனுப்பிவைத்தவள், ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. சீசனில் அலுவலகத்தை விட்டு நகர முடியாது, போன் கழுத்தைப் பிடிக்கும். சீசன் இல்லாதபோது போகக்கூடாது, அது அவளே போட்ட சட்டம். இரண்டுக்கும் நடுவில் அவள் தலை நரைத்துவிட்டது.

அவள் கணவர் கதை அதைவிட வேடிக்கை. அவர் அதே நிறுவனத்தின் பஸ் ஓட்டுநர். கோட்டை நகரத்துக்கு அவர் போன தடவைகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் மதிலுக்கு உள்ளே ஓர் அடி வைத்ததில்லை. பஸ்ஸுக்குக் கோட்டை வாசல் வரைதான் அனுமதி. பயணிகள் இறங்கிப் போனதும் சாமான்களுக்குக் காவலாக வெளி மைதானத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸின் அடிவயிற்றில், பெட்டிகள் வைக்கும் இடத்தில், ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் அவரிடம் கதை சொல்வார்கள். ஒருவர் அரண்மனை நூறு தூண் என்பார், இன்னொருவர் தூணே கிடையாது என்பார். இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார், "நான் கட்டிக்கிட்ட ஊரு அது. முகத்தைத்தான் இன்னும் பார்க்கல." கேட்டுக்கொண்டே தோசைக்கல்லைத் துடைப்பவளுக்கு அப்போதெல்லாம் சிரிப்பு வரும்.

கண் மங்கியதும் நிறுவனம் சாவியை வாங்கிக்கொண்டது. வாங்கிய அன்று அவர் வெறும் கையோடு வீட்டுக்கு வந்து, சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். திரை மூடுவதற்குள் அந்த மனிதர் அந்த ஊரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் ஏனோதானோவென்று இல்லை. சீசனில், அரண்மனை ஓட்டலில், மூலை அறையில். அந்த அறையின் ஜன்னலில் நின்றால் மதிலும் வாசலும் நேர் எதிரே தெரியும், சாயங்காலம் கல்லெல்லாம் சிவப்பாகும். அவள் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவர்களைவிட நன்றாக வர்ணிப்பாள்.

ஓட்டல் மேலாளரிடம் பேசி, இத்தனை வருடப் பழக்கத்துக்காக ஒரு தடவை ஏஜென்டுகளுக்குத் தரும் வாடகைச் சலுகை வாங்கினாள். எல்லாம் கூடி வந்தது. அப்புறம் அவளே அதைக் கெடுத்தாள்.

கெடுத்த விதம் வேறு எந்தத் தொழிலிலும் நடக்காது. சீசனுக்கு வெகு முன்னாலேயே நல்ல அறைகளைப் பிடித்து வைக்காவிட்டால் போட்டி நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும். பெயரில்லாமல் ஓட்டல்காரர்கள் அறை தர மாட்டார்கள். வாடிக்கையாளரோ இன்னும் வந்திருக்க மாட்டார். அதனால் யார் யார் பெயரையோ போட்டு வைப்பது வழக்கம். முதலாளியின் மாமியார் ஒரே வாரத்தில் நாலு அறையில் தங்கியிருக்கிறார், பாவம், அவருக்கே தெரியாது. உண்மையான ஆள் வந்ததும் பொய்ப் பெயரை அழித்து அவர் பெயரைப் போடுவார்கள். மூலை அறைக்கு மட்டும் அவள் ஒவ்வொரு வருடமும் தன் பெயரையும் கணவர் பெயரையும் போடுவாள். அது அவளுடைய சின்ன ஆசை. ஆள் வந்ததும் தன் கையாலேயே அழிப்பாள். ஒரு நிமிடம் வலிக்கும், அப்புறம் அடுத்த போன் வந்துவிடும்.

இந்த வருடமும் அதே பெயர்களைத்தான் போட்டாள். இந்தத் தடவை நிஜமாக. ஆனால் அந்தப் பெயர்களை அழித்துப் பழகிய கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை போனில் வந்தவர் மருந்துக்கடைக்காரர். அலுவலகத்தில் அவருக்குப் 'பக்கவிளைவு' என்று பெயர். எந்த ஓட்டலைச் சொன்னாலும் அதனால் என்ன கெடுதல் வரும் என்றுதான் முதலில் கேட்பார். ஏரிக்கரை ஓட்டலா, கொசு இருக்குமே. குன்றின் மேல் இருப்பதா, முட்டி என்ன ஆவது. கடைவீதியில் இருப்பதா, தூக்கம் போய்விடுமே. மாதத்தைச் சொன்னால் குளிர், தும்மல், வழுக்கல். கடை வைத்த நாளிலிருந்து ஒரு நாள்கூடக் கடையைப் பூட்டாதவர், மனைவியை முதல்முதலாக வெளியூர் கூட்டிப்போகிறார், பயம் இருக்காதா? வாரக்கணக்கில் அவளைப் படுத்தி எடுத்தவர் அன்றைக்குத் திடீரென்று, "சரி மேடம், நீங்க சொல்ற அரண்மனை ஓட்டலே இருக்கட்டும். நல்ல ரூமாப் பார்த்து முடிச்சிடுங்க" என்றார்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நல்ல அறை என்றதும் கை தானாகப் பட்டியலில் மூலை அறைக்குப் போனது. இருந்த இரண்டு பெயரை அழித்தது. அவர் பெயரைப் போட்டது. அனுப்பியது. ஓட்டலிலிருந்து உறுதிச் செய்தி அவர் பெயரைத் தாங்கித் திரும்பி வந்தபோதுதான் அழித்தது யார் பெயரை என்று அவளுக்கு உறைத்தது.

வெள்ளியிலிருந்து இந்த ஞாயிறு வரை அவள் அழைக்காத ஆளில்லை. வேறு ஓட்டல் பார்த்தாள், ஜன்னல் வேறு பக்கம். அடுத்த வருட சீசன் என்று ஒரு நொடி நினைத்தாள், உடனே தலையை உதறிக்கொண்டாள். கணவரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.

போனை வைத்தாள். ஜன்னல் வரை நடந்தாள். திரும்பிக் கதவு வரை வந்தாள். அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மருந்துக்கடைக்காரர், கக்கத்தில் குடையுடன் நின்றார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும், போனில் கேட்டால் திருப்தியாக இல்லை, பக்கத்துத் தெருதானே என்று வந்துவிட்டேன் என்றார். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். தான் மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் சுற்றி வளைத்தார். தலையணை உயரமாக இருக்குமா, படியில் கைப்பிடி உண்டா என்று கேட்டார். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், நேராவே கேக்கறேன். உங்க கூடப் பொறந்த அண்ணன் போறார்னு வெச்சுக்கோங்க. இந்த மாசம், இந்த ஓட்டல், இந்த ரூம்னு சொல்லுவீங்களா? உங்களுக்கு ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் நான் விட்டுடறேன்."

ஒரு துளி போதும் என்கிறார். அந்தத் துளியை அவள்தான் விட வேண்டும். விட்டால் அறை அவளுக்குத் திரும்பி வந்துவிடும். அந்த ஜன்னல், அந்தச் சிவப்புக் கல், அதன் முன்னால் அந்த மனிதர்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொன்ன பிறகு மற்றது தானாக வந்தது. அந்த மாதத்தில் அரண்மனை முகப்புக்குச் சாரம் கட்டிவிடுகிறார்கள், மூங்கிலும் கம்பியும் தவிர ஜன்னலில் எதுவும் தெரியாது, காலையிலிருந்து தட்டுகிற சத்தம், சுண்ணாம்புத் தூசி வேறு, உங்கள் மனைவிக்குத் தும்மல் என்றீர்களே என்றாள். எத்தனையோ பேரைப் போகச் சொல்லி மயக்கிய குரல் அது. போகாதே என்று சொல்லும்போதும் அதே இனிப்போடு வந்தது.

மருந்துக்கடைக்காரர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவர் சந்தேகப்படவில்லை. நல்லவேளை கேட்டேன் என்று நன்றி சொன்னார். மனைவி இதற்காக நடக்கிற செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு போனை எடுத்தார்.

"எந்த மாசத்துல சாரம் கட்டறாங்க?"

படுக்கையறை வாசலில் அவள் கணவர் நின்றார். ஒரு கை கதவு நிலையில் இருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி கூடத்துக்கு வந்தார். வந்தவரை அவளே தன் வீட்டுக்காரர் என்று அறிமுகம் செய்ய வேண்டியதாயிற்று.

"சாரம் கட்டறது மழை விடற சமயத்துல சார்" என்றார் அவர். "சீசனுக்குள்ள அவிழ்த்துடுவாங்க. சீசன்ல கட்டினா ஓட்டல்காரன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்? நீங்க போங்க. ஒண்ணும் ஆகாது."

மருந்துக்கடைக்காரர் இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"அந்த ரூமை எனக்காகப் பிடிச்சு வெச்சிருந்தா. கை தவறி உங்களுக்குக் குடுத்துட்டா. மூணு நாளா நடந்துகிட்டே போன் பேசறா. எனக்குக் கண்ணுதான் சுருங்குது, காது நல்லாத்தான் இருக்கு."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் வந்தது. வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாத வாய் என்று பெயர் வாங்கியவள், வீட்டுக்கு வந்த மனிதரிடம், தண்ணீர் கொடுத்த கையோடு பொய் சொல்லியிருக்கிறாள். கட்டிய கணவரே அதை எடுத்து வெளியில் போட்டுவிட்டார். அவர்மேல் வந்த கோபம் அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது. யாருக்காகச் சொன்னேன்?

மருந்துக்கடைக்காரர் எழுந்தே விட்டார். விஷயம் தெரியாமல் போயிற்று, அறை உங்களுடையது, நாளைக்கே விட்டுக்கொடுக்கிறேன், நாங்கள் கொசுவுள்ள ஓட்டலுக்கே போகிறோம் என்றார். கணவர் கையை நீட்டித் தடுத்தார். நீட்டிய கை அவர் தோளுக்குப் பதில் குடையில் பட்டது.

"வேண்டாம் சார். நான் சீசன்ல அங்க போக மாட்டேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்ன சொல்றீங்க?"

அவர் நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். பிறகு, மனைவியிடம் சொல்ல வேண்டியதை மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். போன மாதம் கடைவீதிக்குப் போனேன், பக்கத்திலிருந்து வருகிற ஆள் எனக்குத் தெரியவில்லை, ஒருவரை இடித்து மன்னிப்புக் கேட்பதற்குள் இன்னொருவர், கடைசியில் ஒரு விளக்குக் கம்பத்திடமும் மன்னிப்புக் கேட்டேன், பின்னால் யாரோ சிரித்தார்கள் என்றார். சீசனில் அந்தக் கோட்டை வாசலில் கூட்டம் எப்படி நெரியும் என்று எனக்குத் தெரியாதா, வெளியில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அதைத்தானே என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த ரூமைப் பத்திப் பேசறப்போ உன் குரலே வேற மாதிரி ஆயிடுது. சொன்னா, போகவே வேண்டாம்னு வீட்டுல உக்கார வெச்சுடுவே. அதுக்கு, போயி இடிபடலாம்னு இருந்தேன்."

அவள் முதல் தடவையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை, அலுவலகத்தில் கேட்கிற அதே தோரணையில் கேட்டாள்.

"அப்போ எப்போ போகணும்?"

"வெயில்ல."

"வெயில்ல கல்லு கொதிக்கும். மத்தியானம் தெருவுல ஒரு நாய்கூட இருக்காது."

"அதான் எனக்கு வேணும்" என்றார். "நாய்கூட இல்லாத தெரு. நடுவுல நேரா நடந்து போயிடுவேன்."

அவள் வாய் திறந்தது, பழைய பாடத்தை ஒப்பிக்க. பாதிக் கடை பூட்டியிருக்கும் என்று சொல்ல வந்தாள். பூட்டியிருந்தால் என்ன? மதிலைப் பூட்ட முடியாதே. அரண்மனை ஓட்டலின் மேல் மாடிகள் வெயிலில் காலியாகக் கிடக்கும், யாரை அனுப்பினாலும் கேட்ட அறை கிடைக்கும் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, ஊரில் யாருக்கும் அதை அவள் சொன்னதில்லை. வெயில், சீசனைப் போல அரை வருடம் தள்ளி இல்லை. அடுத்த மாதமே தொடங்கிவிடும். கண் மருத்துவரின் 'சொல்ல முடியாது' அவள் காதில் மறுபடி கேட்டது. அவள் விரல்கள் அதற்குள் போனைத் தேடிக்கொண்டிருந்தன. வயதான உடம்பு, தலை சுற்றி விழுந்துவிட்டால்? தண்ணீருக்கு என்ன செய்வது? காலையில் எத்தனை மணி வரை நடக்கலாம்? ஒரு கவலை போன இடத்தில் பத்துக் கவலை வந்து வரிசையில் நின்றது.

மருந்துக்கடைக்காரருக்கு இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. வெயிலுக்கும் பக்கவிளைவு உண்டு என்று ஆரம்பித்தார். உப்புச் சத்து இறங்கும், தலை கிறுகிறுக்கும், கண்ணுக்குப் போடுகிற சொட்டு மருந்தைச் சூட்டில் வைக்கக் கூடாது, குளிர்ப்பை வேண்டும், உப்புச் சர்க்கரைப் பொடி நானே அனுப்புகிறேன் என்று வரிசையாகச் சொன்னார். கணவர் சிரித்தார். கண் மங்கிய நாளிலிருந்து அவர் சிரிக்காத சிரிப்பு அது.

அவள் சிரிக்கவில்லை. வாசல் வரை கூடவே போய், "சார், அந்தச் சாரம் விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"புரியுது மேடம்" என்றார் அவர், செருப்பில் காலை நுழைத்தபடி. குரலில் கோபம் இல்லை. "ஆனா எல்லாரும் உங்க ஒரு வார்த்தையை நம்பித்தானே கிளம்பறோம்."

இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர்கள் அவளைத் திட்டியதுண்டு, பேரம் பேசியதுண்டு. இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. அவர் குடையைக் கக்கத்தில் சரியாக இடுக்கிக்கொண்டார். கிளம்புகிறவர் போலத் திரும்பினார். மறுபடி நின்றார்.

"கடைசியா ஒண்ணு. அந்த ரூம் நல்ல ரூம்தானே?"

"நல்ல ரூம்தான் சார்" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேல், உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அவள் கணவர் அந்தத் திசையில் மெதுவாகத் தலையாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் மருந்துக்கடைக்காரருக்கு நிம்மதி வந்தது. அவளுக்கு அது ஊசி ஏற்றியதுபோல இருந்தது. ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் இருந்தது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார். தெருவில் அவருடைய செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அவள் அதுவரை அசையவில்லை. பிறகு அரண்மனை ஓட்டலின் எண்ணைத் தேடி அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டே, கதவைச் சாத்தினாள்.